தாளைப் படிக்காமல் திருகில் கை வைக்காதீர்கள்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பள்ளி கல்லூரிகளில் என்.சி.சி. உடுப்பு மாட்டும் தம்பி தங்கைகளுக்கு,



ஃபயரிங் முடிந்து டார்கெட் தாள் கைக்கு வந்ததும் ரேஞ்சில் இரண்டே இரண்டு வசனங்கள்தான் கேட்கும். ஒன்று சீனியர் சொல்வது: "உனக்குக் கை நடுங்குதுடா." இன்னொன்று சுட்டவர் பயிற்சி தரும் உஸ்தாத்திடம் சொல்வது: "இந்த ரைபிளே சரியில்ல உஸ்தாத்." முதலாவதில் பழி ஆள் மேல், இரண்டாவதில் துப்பாக்கி மேல். இரண்டு பேருமே அந்தத் தாளை அரை நிமிடம்கூட உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் தாளைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு டிபன் வரிசைக்கு ஓட்டம்.

குறி ஏன் தப்பியது என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தத் தாளின் ஐந்து ஓட்டைகளில்தான் இருக்கிறது. அதைப் படிக்கிற முறையை ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை என்ற ஆதங்கத்தில் எழுதப்படுவது இந்த மடல்.

உங்கள் கைக்கு வருவது .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளிக் கீழே மடக்கினால் ஒரு தோட்டா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அடுத்த தோட்டாவுக்கு மறுபடி அதே வேலை. ஜெர்மனியின் பால் மௌசர் 1898இல் முழுமைப்படுத்திய வடிவத்தின் பிள்ளைகள்தாம் இன்று உலகத்து போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை. அதற்கு மூன்று வருடம் மூத்த லீ-என்ஃபீல்ட் நம் நாட்டுக் காவல் நிலையங்களின் பழைய சொந்தக்காரர். உத்தரப் பிரதேச போலீஸ் தன் .303 லீ-என்ஃபீல்டுக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தோடுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டை இந்த நாட்டில் முடிந்த கதை. ஆனால் பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் உரிமம் வாங்கியவர்களிடம் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் இன்னமும் இருக்கிறது. அதன் உள்ளமைப்பும் லீ-என்ஃபீல்ட் வழிதான். அங்கே குறி தவறுவதற்கான காரணங்களும் உங்கள் .22இல் தவறுவதற்கான காரணங்களும் ஏறக்குறைய ஒன்றே.

சின்னத் தோட்டாதானே என்று .22ஐ இளப்பமாக நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதே .22இல்தான். கோலாப்பூர் பக்கத்துக்காரர், மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். கூட்ஸ் யார்டின் ஹாரன் சத்தத்திலேயே வளர்கிற உங்களுக்கு ரயில்வே வேலையும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் எவ்வளவு பக்கத்து விஷயங்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 50 மீட்டர் தள்ளி அவர் குறிவைத்த பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்.

சரி, தாளுக்கு வருவோம்.

தாளில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது முதலாவது, அதுதான் குரூப்பிங். அந்தக் கூட்டத்தின் நடு எங்கே விழுந்திருக்கிறது என்பது இரண்டாவது. அதைத்தான் வகுப்பில் எம்.பி.ஐ. என்று எழுதிப் போடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறு, வெவ்வேறு வைத்தியம். ஒன்றுக்குரியதை மற்றதற்குச் செய்வதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

ஒரு தங்கையின் தாளை எண்ணிப் பாருங்கள். ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய் நாணயம் வைத்து மூடிவிடலாம். ஆனால் கறுப்பு வட்டத்துக்கு நாலு விரற்கடை இடப்புறம் விழுந்திருக்கின்றன. பக்கத்துத் தம்பியின் தாளில் ஒன்று நடுப்புள்ளியான புல்லில், மீதி நாலும் நாலு திசையில். கைதட்டல் யாருக்கு? புல்லில் ஒன்று வைத்த தம்பிக்கு. நன்றாகச் சுட்டவர் என்னவோ அந்தத் தங்கைதான். அவர் ரைபிளின் சைட்டை மயிரிழை நகர்த்தினால் ஐந்தும் நடுவுக்கு வந்துவிடும். தம்பியின் சைட்டை எத்தனை முறை திருகினாலும் சிதறல் இடம் மாறுமே தவிர சுருங்காது. புல்லில் விழுந்த அந்த ஒன்று, சிதறியவற்றில் தற்செயலாக நடுவில் விழுந்தது, அவ்வளவுதான்.

கேரம் தெரிந்த பகுதி இது. வடசென்னையின் காசிமா 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். காய் குழியை விட்டு விலகினால் நம் தெருமுனை கிளப்பில் என்ன செய்வார்கள்? அதே அடியை மறுபடி அடித்துப் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே பக்கம் விலகினால் போர்டு லெவலில் இல்லை, ஸ்டாண்டுக்கு அடியில் அட்டை வை என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போனால் போர்டைத் தொட மாட்டார்கள். அடிப்பவரின் விரலைப் பார்ப்பார்கள். ரேஞ்சிலும் இதே கணக்குதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு குரூப்பை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மூன்று ரவுண்டுகள் அதிர்ஷ்டத்தால் ஒட்டி விழுந்துவிடும். அந்த மாதிரித் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பெருமை பேசுவது வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் பழைய வேடிக்கை. அதே ரைபிளில் பத்து ரவுண்டு சுடச் சொன்னால் வட்டம் தானாகப் பெரிதாகும். ஐந்து ஐந்தாக இரண்டு மூன்று தாள்கள் ஒரே கதையைச் சொன்னால்தான் அதை நம்பலாம்.

ஓட்டைகளின் வடிவமும் பேசும். ஐந்தும் மேலும் கீழுமாகத் தூக்குநூல் விட்டது போல ஒரே கோட்டில் இருந்தால் முதலில் மூச்சைச் சந்தேகியுங்கள். மூச்சு இழுக்கும்போது மார்பு உயரும், குழலின் வாய் தாழும், விடும்போது நேர்மாறு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் சுட்டால் கோடு சுருங்கும். அப்படியும் சுருங்கவில்லை என்றால் தோட்டாக்களின் வேகத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். குறுக்குவாட்டில் பரவியிருந்தால் டிரிகரைப் பிழியாமல் வெடுக்கென இழுத்திருப்பீர்கள், அல்லது ரைபிள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திறந்தவெளியில் நீண்ட தொலைவு சுடும்போது காற்றும் இதைச் செய்யும். 25 கெஜத்தில் காற்றைக் குறை சொல்வது பெரும்பாலும் சால்ஜாப்பு.

இன்னும் சுவாரசியமானது இரண்டு குடும்பமாகப் பிரிந்த குரூப். மூன்று ஓட்டைகள் ஒரு மணித் திசையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு ஓட்டைகள் ஏழு மணித் திசையில் ஒட்டிக்கொண்டு, இடையில் வெற்றுத் தாள். நடுங்குகிற கை இப்படிச் சுடாது. நடுங்கினால் எல்லாம் கலந்து சிதறும். ஏதோ ஒன்று இரண்டு இடங்களுக்கு நடுவே மாறி மாறி உட்காருகிறது என்று அர்த்தம். நடுவில் எழுந்து முழங்கையை மாற்றி வைத்தீர்களா, கன்னத்தைக் கட்டையில் வேறு இடத்தில் பதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் ரைபிளில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. டெலஸ்கோப் மாட்டிய வேட்டை ரைபிள்களில் இந்தக் கதை இன்னும் சகஜம்: குழலை மாற்று, தோட்டாவை மாற்று என்று பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் பார்த்தால், டெலஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டில் ஒரு திருகு அரைச் சுற்று லூசாக இருக்கும்.

ஆளா, ஆயுதமா என்ற சண்டையைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. மாற்றிச் சுடுவது. சந்தேகத்துக்குரிய ரைபிளை உங்கள் யூனிட்டில் நன்றாகச் சுடும் ஒருவரிடம் கொடுங்கள்; அவருடைய ரைபிளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட குரூப் உங்களோடு வந்தால் கோளாறு உங்களிடம். ரைபிளோடு போனால் ரைபிளிடம். பத்தே ரவுண்டில் முடிந்துவிடும் சோதனை. இதைச் செய்யாமல் பத்து நாள் கேம்ப் முழுக்க ஒரு பிள்ளையை 'உனக்கு வராது' என்று சொல்லியே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வாக்கியம் செய்கிற சேதத்தைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் எந்த ஆர்மரராலும் சரிசெய்ய முடியாது.

கோளாறு ஆளிடம் என்று தெரிந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெடிச்சத்தத்துக்கு முன்னாலேயே தோள் சுருங்கிக் கண் மூடுவது மனித உடம்பின் இயல்பு. அதைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் பயிற்சியாளர்கள் செய்யும் தந்திரம் இது: தோட்டாவைப் பயிற்சியாளரே அறைக்குள் வைப்பார், அல்லது வைப்பது போலப் பாவனை செய்து வெறுமனே போல்ட்டை மூடுவார். உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சுடுபவருக்குத் தெரியாது. வெற்று அறையில் 'டிக்' என்று மட்டும் கேட்கும்போது குழலின் வாய் கீழே குதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உஸ்தாத் முன்னிலையில், ரேஞ்சில் மட்டும் செய்ய வேண்டியது இது.

வெயிலையும் கவனியுங்கள். முன் சைட்டின் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் பளபளத்தால், வெளிச்சம் விழும் பக்கம் பெரிதாகத் தெரியும். கண் அந்தப் பளபளப்பை நடுவென்று நம்பிக் குறியை மாற்றிவிடும். காலையில் ஒரு பக்கம் போன குண்டு சாயங்காலம் மறுபக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய டார்கெட் சுடுநர்கள் முன் சைட்டைப் புகை காட்டிக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அதற்கு மேல்நாட்டில் வாங்கிவைக்கும் பொருள்களில் ஒன்று கற்பூரம்.

இனி ரைபிளின் உடம்பு. இங்கேதான் கொருக்குப்பேட்டைக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடற்காற்று எட்டும் தூரத்தில் ஊர். குறுக்கே பக்கிங்ஹாம் கால்வாய். ஐப்பசி கார்த்திகையில் காற்றில் தண்ணீர்தான். இரும்பு துருப்பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மரமும் ஈரத்தைக் குடித்து உப்பும், வளையும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சுட்டவுடன் குழல் அதிரும். அந்த அதிர்வின் நடுவில்தான் குண்டு வெளியேறுகிறது. அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். மரக்கட்டை குழலை ஒரு நாள் ஒரு பக்கமும் மறுநாள் இன்னொரு பக்கமும் அழுத்தினால் அதிர்வு மாறும், குறியும் மாறும். சில ரவுண்டு சுட்டுக் குழல் சூடேறியதும் ஓட்டைகள் ஒவ்வொன்றாக ஒரே திசையில் நடந்து போனால் பெரும்பாலும் இதுதான் கதை. அதனால்தான் இன்றைய வேட்டை ரைபிள்களில் குழல் கட்டையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி இடைவெளி விடுகிறார்கள். ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே விட்டு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும்; எங்கே மாட்டுகிறதோ அங்கே இடிக்கிறது.

ஆனால் எல்லா ரைபிளுக்கும் இது பொருந்தாது. லீ-என்ஃபீல்டில் முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்க வேண்டும் என்பதே வடிவமைப்பு. அங்கே இடைவெளி விடுகிறேன் என்று அரம் எடுத்து மரத்தைச் சுரண்டினால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு .315இன் கட்டையைச் சுரண்டிய உரிமக்காரர்கள் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றிருப்பார்கள். நம் நாட்டில் இருந்த பழைய லீ-என்ஃபீல்டுகளின் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு ஓடுவதைப் பார்க்கலாம். சேகரிப்பாளர்கள் அதை 'இஷாப்பூர் திருகு' என்கிறார்கள். கட்டை பிளந்துபோகாமல் இருக்க இந்தியாவில் போட்ட கட்டு அது. மரத்தோடு பட்ட அவஸ்தைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மரமும் திருகும் மட்டுமே குற்றவாளிகள் என்றும் முடிவுகட்டிவிட முடியாது. 1944இல் பிரிட்டன் தன் கிழக்கத்திய காட்டுப் போர்களுக்காக ஒரு லீ-என்ஃபீல்டைச் சுருக்கி இளைக்கவைத்தது. பெயர் நம்பர் 5. எல்லாரும் அழைத்தது ஜங்கிள் கார்பைன். எடை ஏழு பவுண்டுக்குச் சற்று மேல். தாய் ரைபிளான நம்பர் 4ஐவிட ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறைவு. சிப்பாய்களுக்குத் தூக்கிக்கொண்டு நடக்க இதமாக இருந்தது. பிறகு ஒரு புகார் எழுந்தது. இன்று சைட்டைச் சரிசெய்து ஜீரோ பண்ணினால் நாளை குறி வேறு இடத்தில் இருக்கிறது. 'அலையும் ஜீரோ' என்றே அந்தக் கோளாறுக்குப் பெயர் வந்துவிட்டது. எடையைக் குறைக்க உலோகத்தைச் சுரண்டியதால் பூட்டும் பகுதி வளைந்து கொடுக்கிறது என்றார்கள். தீர்மானமான வைத்தியம் கிடைக்கவில்லை. 1947இல் உற்பத்தியே நின்றது. இன்றைய சேகரிப்பாளர்களில் சிலர், தங்கள் கையில் இருக்கும் நம்பர் 5 அலையவே இல்லை, தானியங்கி ரைபிளுக்கு மாற நினைத்த ராணுவத்துக்கு அது ஒரு சாக்கு என்று வாதாடுகிறார்கள். எது எப்படியோ, ஒரு பேரரசின் ஆயுதத் துறையே திணறிய விஷயத்தை, ரேஞ்சில் நின்றபடி ஸ்குரூடிரைவரால் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிற சீனியர் அண்ணன்களுக்கு இந்தக் கதை நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது நீங்களே உண்டாக்கும் கோளாறு: துடைக்கும்போது வருவது.

புல்-த்ரூ கயிற்றின் கண்ணில், கேம்ப்பில் 'சிந்தி' என்று சொல்கிற நாலுக்கு இரண்டு அங்குலத் துணியைக் கோத்து, குழலின் பின்பக்கம் எடையை இறக்கி, வாய்ப்பக்கம் பிடித்து இழுக்கிறீர்கள். நேராக இழுத்தால் ஒன்றுமில்லை. பத்துப் பேர் வரிசையில் நின்றுகொண்டு அவசரத்தில் சாய்வாக இழுத்தால், கயிறு குழல் வாயின் ஒரே விளிம்பில் உரசிக்கொண்டே போகும். கயிற்றில் ஒட்டிய மணலும் சேர்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் அந்த இடத்தில் வாய்க்கால் போல ஒரு தேய்மானம் விழும். குண்டு விட்டுப் பிரிகிற கடைசி விளிம்பு அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், பின்னாலிருந்து தள்ளும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டின் வாலைத் தட்டிவிடும். லீ-என்ஃபீல்ட் காலத்திலேயே இந்தத் தேய்மானத்தை அளக்கத் தனி அளவுக் கம்பிகள் ஆர்மரர்களிடம் இருந்தன. உங்கள் ரைபிளின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள் (போல்ட்டைக் கழற்றிய பிறகு, உஸ்தாத் பார்த்துச் சொன்ன பிறகு). வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். முட்டைபோலத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள்.

துடைத்து முடித்ததும் எண்ணெய் போடுவீர்கள். போடத்தான் வேண்டும், நம் காற்றுக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்த எண்ணெயோடு அடுத்த முறை சுட்டால் முதல் குண்டு தனியாக எங்கேயோ போகும். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு முறை இழுத்துவிடுங்கள். வேட்டைக்காரனுக்கு இது வாழ்வா சாவா. அவனுக்குக் குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டுதான் கணக்கு. ஐந்தாவது குண்டுக்கு மான் காத்திருக்காது.

சுத்தம் செய்யும் மேசையில் நடக்கிற இன்னொரு விபத்து, போல்ட் மாறிப்போவது. பத்து ரைபிளின் போல்ட்டுகளையும் ஒரே துணியில் பரப்பிவிட்டுக் கடைசியில் கைக்கு வந்ததை மாட்டுவது. லீ-என்ஃபீல்ட் வகையில் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ரைபிளுக்குப் பொருத்தி எண் அடிக்கப்பட்டது. மாறினால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய அளவு மாறும். குறி கெடுவது இருக்கட்டும், பாதுகாப்பே கெடும். போல்ட் எண்ணையும் ரைபிள் எண்ணையும் வாய்விட்டுப் படித்து மாட்டுங்கள்.

தோட்டாவைப் பற்றிச் சுருக்கமாக. .22 ரிம்ஃபயரில் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது; அது ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே சீராகப் பரவியிருப்பது தயாரிப்பைப் பொறுத்தது. ஒரே கம்பெனியின் இரண்டு லாட்கள் ஒரே ரைபிளில் இரண்டு விதமாகச் சுடும். பெரிய போட்டிக்காரர்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் எலி, பின்லாந்தின் லாபுவா நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்கே போய், லாட் லாடாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்குகிறார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் பெட்டியின் மேல் இருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளக் காசு வேண்டாம். ஒரே குரூப்பில் இரண்டு பெட்டித் தோட்டாக்களைக் கலக்காமலும் இருக்கலாம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, குரூப் இறுக்கமாக இருந்து, இடம் மட்டும் தள்ளியிருந்தால், அப்போதுதான் சைட்டுக்கு வேலை. முன் சைட்டைக் குண்டு விழுந்த பக்கமே நகர்த்த வேண்டும். பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம். எவ்வளவு என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. 25 மீட்டரில் 5 சென்டிமீட்டர் விலகல். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டரை 0.6ஆல் பெருக்கி 25ஆல் வகுங்கள். 1.2 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய நகர்த்தலுக்குத்தான் சுத்தியலை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று. கணக்கில் சேராத பயிற்சிக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்த அபினவ் பிந்த்ராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சற்று முன்வரை நடுவில் விழுந்தது இப்போது எங்கேயோ விழுகிறது. தன் ரைபிளில் யாரோ கைவைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவர் சொன்னார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சில நிமிடங்களில் அவர் செய்தது தாளைப் படிக்கிற வேலைதான். என் உடம்பா, என் மூச்சா, இல்லை சைட்டா? சைட் என்று தீர்மானித்துத் திருத்தினார். மொத்தம் 700.5 புள்ளிகள், கடைசிக் குண்டு 10.8, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். நாலு வருடம் முந்தி ஏதென்ஸ் இறுதியில் அவர் ஏழாவதாக வந்தபோது கோளாறு ரைபிளிலும் இல்லை, அவரிடமும் இல்லை. அவர் நின்ற இடத்தின் தரை ஓடு தளர்ந்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. சைட்டைத் திருகித் தரையைச் சரிசெய்ய முடியாது. 2021இல் டோக்கியோவில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டலில் காக்கிங் லீவர் உடைந்து, பழுதுபார்ப்பதில் நேரம் கரைந்து, இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. உடைந்தால் உடைந்ததுதான், அதற்குத் தாள் உதவாது, மாற்றுப் பாகம்தான் உதவும்.

எதை நீங்கள் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. மூச்சு, பிடி, கன்னம், டிரிகர் விரல், துடைப்பது, கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வது: இவை உங்கள் எல்லை. திருகு, கட்டை, சைட், டிரிகரின் உட்பாகம் எல்லாம் ஆர்மரரின் எல்லை. அப்பாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது, மாமா ஃபிட்டர், வீட்டில் எல்லா ஸ்பானரும் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. உரிமம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதுவே. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். திருகை இறுக்குவதிலும் அளவு உண்டு. தளர்ந்தது கெடுதல் என்றால் அளவுக்கு மேல் இறுக்குவது மரத்தை நசுக்கி அதைவிடக் கெடுதல் செய்யும்.

பொறுப்பாசிரியர்களான ஏ.என்.ஓ.க்களுக்கும் பயிற்சி தரும் பி.ஐ. ஸ்டாஃபுக்கும் ஒரு வேண்டுகோள். ஆயுத அறையான கோத்தில் ரைபிள் கொடுத்து வாங்கும் பதிவேடு இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ரைபிளின் பட் நம்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். தேதி, யார் சுட்டது, தோட்டா லாட், குரூப்பின் அளவு, நடு எங்கே, மழையா வெயிலா. ஒரு வருடம் ஓடினால், எந்தப் பட் நம்பர் யார் கையில் போனாலும் இடது பக்கமே தள்ளுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ரைபிள் ஆர்மரரிடம் போக வேண்டும். அதைக் கையில் பிடித்த பாவத்துக்காக இதுவரை எத்தனை பிள்ளைகள் டீமிலிருந்து கழற்றிவிடப்பட்டார்கள் என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்குக் கிடைக்கும் ரவுண்டுகள் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். பத்துதான் கிடைக்கிறது என்றால் இப்படிச் செலவழியுங்கள். முதல் ஐந்தை எதையும் மாற்றாமல், குண்டு எங்கே விழுகிறது என்று நடுவில் எட்டிப் பார்க்காமல், ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். புல்லைத் துரத்தாதீர்கள். தாளை வாங்கி, வெளி ஓட்டைகள் இரண்டின் தூரத்தை ஸ்கேலால் அளந்து, நடுவைப் பென்சிலால் குறியுங்கள். சிதறியிருந்தால் அடுத்த ஐந்தை உஸ்தாத்திடம் கேட்டு வேறு ரைபிளில் சுடுங்கள். நெருங்கியிருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால் அதே ரைபிளில் அதே புள்ளிக்கு இன்னொரு ஐந்து. இரண்டு தாள்களிலும் நடு ஒரே இடத்தில் விழுந்தால் சைட்டைத் திருத்தச் சொல்லி இரண்டு தாள்களையும் பின் குத்திக் கொடுங்கள். தாளின் மேல் மூலையில் பட் நம்பரை எழுத மறக்காதீர்கள். எண் இல்லாத தாளை வைத்துக்கொண்டு ஆர்மரரால் ஒன்றும் செய்ய முடியாது.